நாய்க்கும் வந்த முத்து

எங்கள் வீட்டு ஆட்களுக்கு இருபது இருபத்தைந்து வயதுக்கு மேல் முகத்தில் முத்து போடும். மூக்கின் இரண்டு பக்கமும், காதுக்குப் பின்னாலும், கழுத்தைச் சுற்றியும் அரிசிக் குருணை அளவில் வெள்ளை வெள்ளையாக எழும்பும். வலிக்காது, அரிக்காது, உடையாது. அம்மை முத்து சில நாளில் இறங்கிவிடும். எங்கள் முத்து இறங்காது. வந்தால் கட்டையோடுதான் போகும். ஆகையால் மாரியம்மன் எங்கள் வீட்டை விட்டுப் போகவே மாட்டாள் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

தோட்டத்துக் கோயில் கரகத்தை வேறு வீட்டுக்காரர் தூக்கியதில்லை. முதல் பிரசாதமும் எங்களுக்குத்தான். காப்புக் கட்டும் அன்று பூசாரி மஞ்சள் குழைத்து, தூக்கப் போகிறவர் கழுத்தில் தடவி, விரலால் முத்தை எண்ணுவார். போன வருஷத்தைவிடக் கூடியிருந்தால் மேளம் ஒரு சுற்று அதிகமாக முழங்கும். முத்து இல்லாத கழுத்துக்குக் கரகம் கிடையாது.

இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு கூடை மாட்டிக்கொண்டு மலையேறியவளுக்கு வேறு என்ன நகை இருந்தது? ரிங்லெட் டவுனில் காய்கறிக் கடைச் சீன முதலாளி, தவுக்கேகூட என் முகத்தைப் பார்த்ததும் கோயில் வீட்டம்மா என்று முதலில் நிறுத்துத் தருவார். என் கழுத்தில்தான் அந்த வீட்டிலேயே அதிக முத்து. பெண் என்பதால் கரகம் தரவில்லை. அது எனக்கு ஒரு குறைதான்.

அப்பா தூக்கினார். நாற்பத்தைந்து வயதில் விலாவுக்குக் கீழே வலி என்று படுத்தார். சிறுநீர் செம்மண் கரைத்த தண்ணீர் போல் போனது. எழுந்திருக்கவில்லை. சித்தப்பா தூக்கினார். அவருக்கும் அப்படியே. "கரகம் எடுத்தவன ஆத்தா ரொம்ப நாளு காக்க வைக்க மாட்டா" என்று கிழவிகள் சொன்னார்கள். அழுதோம். ஆனால் அந்த அழுகைக்குள்ளும் ஒரு நிமிர்வு இருந்தது. பிறகு அண்ணன் தூக்கினார்.

அண்ணன் கரகம் தூக்கிய காலத்தில்தான் எனக்கு முழங்கால் போனது. கத்தரி பிடித்து ஏற்றத்தில் கொழுந்து வெட்ட முடியவில்லை. தோட்டத்துக் கணக்கர் கிராணி சொல்லி, மேலே துரை பங்களாவில் சமையலுக்கும் துணிக்கும் சேர்ந்தேன். துரை கோலாலம்பூர்த் தமிழர்தான். இருந்தாலும் மேனேஜர் என்றால் எங்கள் வாய்க்குத் துரைதான். அவர் ஒரு அல்சேஷன் நாய் வைத்திருந்தார். பெட்டை. வெளிநாட்டிலிருந்து வந்த வம்சம் என்று துரைசாணி சொல்வார். குரைக்காது. அதுதான் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது. பனி இறங்கி எதிரே இருக்கிற தேயிலைச் செடியே தெரியாத நேரத்தில், காலடிச் சத்தம்கூட இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும். ஈரமூக்கு கையில் பட்டால்தான் தெரியும்.

வாரத்துக்கு ஒரு நாள் அதைக் குளிப்பாட்டுவதும் என் வேலையானது. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, முன்னங்காலில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது விரலுக்கு அடியில் ஏதோ உருண்டது. உண்ணி என்று நினைத்து மயிரை விலக்கிப் பார்த்தேன். உண்ணி இல்லை. தோலுக்குள்ளேயே ஒரு முடிச்சு. பக்கத்தில் இன்னொன்று. தலையில், காதின் அடியில், கழுத்தில். என் வீட்டு முத்தைவிடப் பெரிது, பட்டாணி அளவு, சிலது அதற்கும் மேல். ஆனால் விரலுக்குப் பழக்கமான அந்தக் கெட்டி, அழுத்தினால் லேசாக நகர்ந்து மறுபடி வந்து நிற்கிற அந்தப் பிடிவாதம் அதேதான். சிறுமியாக இருந்தபோது அப்பா கழுத்தில் எண்ணெய் தேய்த்தவள் நான். என் விரல் பொய் சொல்லாது.

நாய் தலையைத் திருப்பி என் கழுத்தைப் பார்த்தது. கண்ணைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தது. பிறகு எழும்பி, ஈர முகத்தை என் தோளில் வைத்து, முத்து இருக்கிற இடத்தை மெதுவாக முகர்ந்தது. நான் குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மன் எங்களுக்குக் கொடுத்ததை நாய்க்கும் கொடுத்திருக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த வருஷம் திருவிழாவில் ஊர்வலம் பங்களா முனை வரை வந்தது. மத்தியானம்தான், ஆனால் பனி மூடி, மேளக்காரர்களின் கால் மட்டும் தெரிந்தது. திடீரென்று மேளம் நின்றது. என்ன என்று முன்னே போய்ப் பார்த்தேன். அண்ணன் கரகத்தோடு நிற்கிறார். அவர் எதிரே அந்த நாய் உட்கார்ந்திருக்கிறது. மூக்கை அவருடைய வலது விலாவுக்குக் கீழே ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறது.

"யே, நாய இழுங்கலா!" என்று யாரோ கத்தினார்.

"இழுக்காத. பைரவரு வந்து உத்தரவு கேக்குறாரு" என்றார் பூசாரி.

"உத்தரவு கேக்குறாரா, மச்சான் மடியில கருவாடு வச்சிருக்காரா, பாருங்க" என்று என் கொழுந்தன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சிரித்தபோது கரகத்து வேப்பிலை ஆடியது. நான்தான் முன்னே போய் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். அது வரும்போதும் திரும்பித் திரும்பி அவர் விலாவையே பார்த்துக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு நாய் இளைத்தது. பங்களாவின் பின்புறம் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுச் சுவரில் வலது பக்கத்தை ஒட்டிக்கொண்டு, எத்தனை குளிரானாலும் அங்கேயே படுக்கும். சுவரில் அது படுத்த இடம் எண்ணெய் பூசியது போல் கறுத்துப் போனது. பிறகு சிறுநீரில் ரத்தம். துரை ஈப்போவிலிருந்து மிருக டாக்டரை வரவழைத்தார். ஊசி போட்டும் நாய் மூன்றாம் நாள் செத்தது. என்ன நோய் என்று தெரிய வேண்டும் என்று துரை பிடிவாதம் பிடித்தார். துணி துவைக்கும் கொட்டகையில் வைத்துத்தான் அறுத்தார்கள். பேசின் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

டாக்டர் வயிற்றிலிருந்து இரண்டு உருப்படியை எடுத்து என் பேசினில் வைத்தார். திராட்சைக் கொத்தைக் கசக்கி ஒட்டவைத்தது போல் இருந்தது. கொப்புளம், கொப்புளத்துக்கு நடுவே கட்டி. "புவா பிங்காங்" என்றார் மலாயில். அது கிட்னி என்று எனக்குத் தெரியும். பிறகு துரையிடம் சொன்னார், இந்த நாயின் வம்சத்தில் இது உண்டு, முதலில் தோலில் முடிச்சு வரும், உள்ளே கிட்னியில் கட்டி வரும், தாயிடமிருந்து குட்டிக்குப் போகும் என்று. நான் மலாய் நன்றாகவே பேசுவேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அன்று கையைச் சாம்பல் போட்டு எத்தனை தடவை கழுவினேன் என்று தெரியாது.

அடுத்த வருஷம் அண்ணன் படுத்தார். அவருடைய லயத்து வீட்டில், சமையல் கட்டின் சிமெண்டுச் சுவரில் வலது விலாவை ஒட்டிக்கொண்டு படுத்தார். "ஏங்க, கட்டில்ல படுக்கக் கூடாதா?" என்று அண்ணி கேட்டதற்கு, "இங்கதான் சுகமா இருக்குடி" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன வார்த்தையும் புவா பிங்காங்தான். எல்லாரும் அழுதபோது நான் அழவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தால் அப்பாவும் சித்தப்பாவும் அண்ணனும் அம்மன் அழைத்துக்கொண்டவர்கள் இல்லை, ஒரு நோயில் செத்தவர்கள். நாய் செத்த நோய். நான் வாயைத் திறக்கவில்லை. இருபது வருஷம் திறக்கவில்லை. எனக்கு எழுபது தாண்டியும் முழங்காலைத் தவிர ஒரு நோவும் இல்லை. ஆகவே அது வேறு, இது வேறு என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்குப் பிறகு முத்து வந்த ஆண் கழுத்து தோட்டத்தில் இல்லை. அவருடைய இரண்டு மகன்களும் சிங்கப்பூரில் வேலை. கரகம் இத்தனை வருஷமும் கோயிலுக்குள்ளேயே இருந்தது. போன வருஷம் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். அவர் என் கணவருக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"அண்ணி, காலம் மாறிப் போச்சு. பொம்பளை எடுத்தா என்னா? ஒங்க மகளுக்கு மூக்கோரம் முத்து போட்டிருக்கு. நான் நல்லா பார்த்தேன்."

என் மகளுக்கு முப்பத்தெட்டு வயது. கியா பார்மில் ஸ்ட்ராபெரி தோட்டத்தில் கணக்கு வழக்கையும் வேலையாட்களையும் பார்த்துக்கொள்பவள். மோட்டார் சைக்கிளில் போய் வருவாள். கோயிலென்றால் எட்டடி தள்ளி நிற்பவள் என்று நினைத்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் எடுக்கிறேன் சித்தப்பா" என்றாள். எனக்கு மறுக்கப்பட்டது அவளுக்குக் கிடைக்கிறது. உடம்பெல்லாம் எனக்குப் பூரித்தது. அந்தப் பூரிப்பில் நாய் ஞாபகம் வரவில்லை.

திருவிழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது மகள் வேலையிடத்தில் மூச்சு அடைத்து உட்கார்ந்துவிட்டாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போவுக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். நுரையீரல் பக்கத்தில் காற்று கசிந்திருக்கிறது என்று விலாவில் குழாய் போட்டார்கள். மகள் மருந்து மயக்கத்தில் கிடந்தாள். ஒரு தமிழ் லேடி டாக்டர், என் பேத்தி வயதுதான் இருக்கும், மகளின் மூக்கை உற்றுப் பார்த்தார். பிறகு என் மூக்கைப் பார்த்தார்.

"பாட்டி, இந்தப் பரு மாதிரி ஒங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்கா?"

"பரு இல்லம்மா. அது முத்து."

"சரி, முத்து. நுரையீரல்ல இவங்களுக்குக் காத்துக் குமிழி நெறைய இருக்கு. முகத்துல இது, நெஞ்சில அது, ரெண்டும் சேர்ந்தா எனக்கு ஒரு சந்தேகம். குடும்பத்துல கிட்னி வியாதியில, கட்டி வந்து யாராச்சும் போயிருக்காங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசிக்கவே இல்லை. "யாரும் இல்ல" என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் வந்த வேகத்தில் எனக்கே குளிர்ந்தது. டாக்டர் எழுதிக்கொண்டார். நுரையீரல் சரியானதும் மகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம். அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். மகள் அறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கட்டிலை விட்டு இறங்கி, தரையில் பாய்கூட விரிக்காமல், வெறும் சிமெண்டுச் சுவரில் வலது விலாவை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. வெளியே பனி ஜன்னலை மூடியிருந்தது.

"ஏம்மா அங்க படுத்திருக்க?"

"தெரியலம்மா. இங்கதான் சுகமா இருக்கு."

அண்ணன் சொன்ன சொல் அது. அவள் அதைக் கேட்டவள் இல்லை. அண்ணன் படுத்த காலத்தில் அவள் ஜொகூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் காத்திருக்கவில்லை. மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் ஓட்ட, அவருடைய கெரெத்தாவில் அவளை ஏற்றிக்கொண்டு தாப்பா மலைச்சாலை வளைவுகளில் ஈப்போவுக்கு இறங்கினேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "போன தடவை நான் பொய் சொன்னேன்" என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா, சித்தப்பா, அண்ணன், மூன்று பேரையும் சொன்னேன். அதோடு நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் நிற்கவில்லை. நாயையும் சொன்னேன். முடிச்சு, சுவர், பேசின், எல்லாம். டாக்டர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்தினார். "அல்சேஷனா?" என்று கேட்டார். "பாட்டி, அந்த ஜாதி நாயில ஒரு வம்சத்துக்கு இது உண்டு. தோல்ல முடிச்சு, கிட்னில கட்டி. மனுஷனுக்கு வர்றதும் நாய்க்கு வர்றதும் ஒடம்புக்குள்ள ஒரே எடத்துல இருக்கிற ஒரே பழுதுதான். அந்த நாய்ங்களப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வியாதியப் பத்தி டாக்டருங்க நெறைய தெரிஞ்சுக்கிட்டாங்க. நீங்க கையால தொட்டுக் கண்டுபிடிச்சிருக்கீங்க."

கண்டுபிடித்து என்ன செய்தேன்? அதை அவர் கேட்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். வலது கிட்னியில் ஒரு கட்டி, கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது. "சின்னதா இருந்தா பார்த்துக்கிட்டே இருப்போம். இது அந்த அளவைத் தாண்டிடுச்சு. இப்பவே எடுத்தா கட்டிய மட்டும் எடுத்துட்டு கிட்னியக் காப்பாத்தலாம்" என்றார். சுவரில் படுத்ததைப் பற்றிக் கேட்டேன். "இந்த அளவு கட்டி வலிக்காது பாட்டி. அது எதனாலன்னு எனக்குத் தெரியல" என்றார். எதனால் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆபரேஷனுக்குக் கிடைத்த நாள் காப்புக் கட்டும் நாளுக்கு மறுநாள். மகள் ஒரே பிடியாக நின்றாள்.

"கரகம் எடுத்துட்டு வர்றேன். அடுத்த தேதி குடுப்பாங்க. தாத்தா எடுக்கல? மாமா எடுக்கல?"

"எடுத்தாங்க. எங்க அவங்க?"

"ஆத்தா கூப்பிட்டுக்கிட்டான்னு நீதானேம்மா சொல்லி வளர்த்த?"

நான் சொல்லி வளர்த்ததுதான். வீட்டுக்குள் அவிழ்க்க முடியாத முடிச்சை, கட்டிய இடத்தில்தான் அவிழ்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் கூட்டம் நடந்தபோது போனேன். மகளும் வந்திருந்தாள். தலைவர் நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

"என் மக கரகம் எடுக்க மாட்டா. எங்க வீட்ல இனி யாரும் எடுக்க மாட்டாங்க. கழுத்துல இருக்கிறது ஆத்தா குடுத்த முத்து இல்ல. வியாதி. எங்கப்பாவும் அண்ணனும் அதுலதான் செத்தாங்க. துரை வீட்டு நாயும் அதுலதான் செத்துச்சு. எனக்கு இருபது வருஷமா தெரியும்."

கோயிலுக்குள் பல்லி கத்துவது கேட்டது.

"அண்ணி, என்னா பேச்சு இது? ஒங்க அண்ணன நாயோட சேர்க்கிறீங்களா?" என்றார் தலைவர்.

"நான் சேர்க்கல. சேர்ந்துதான் இருந்துச்சு."

"அப்ப இத்தனை வருஷமா நாங்க கும்புட்டது?" என்று பூசாரி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வழி தவறிய ஆள் கேட்பது போல் கேட்டார்.

"ஆத்தாள கும்புட்டீங்க. எங்க கழுத்த இல்ல. நல்ல கழுத்து உள்ளவன் யாராச்சும் எடுக்கட்டும்."

அன்று அந்த மண்டபத்தில் நான் பெரிய வீட்டுக்காரி என்பது முடிந்தது. பின்வரிசையில் ஒருத்தி, "இத்தன நாளு மொதல் பிரசாதம் மட்டும் இனிச்சுதாக்கும்" என்றாள். காதில் விழும்படிதான் சொன்னாள். மகள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் விடவில்லை. காப்புக் கட்டிய அன்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். கிட்னி தப்பியது. சிங்கப்பூரில் இருக்கிற அண்ணன் மகன்களை நானே போனில் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவன் பரிசோதனைக்குப் போனான். ஒருவன் இன்னும் போகவில்லை. வாரா வாரம் கூப்பிடுகிறேன்.

மகளை வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் ஒரு தாளோடு வந்தார். எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சி செய்பவர்கள் கேட்கிறார்கள், இந்த வியாதிக்கட்டி கிடைப்பது அரிது, இஷ்டம் இருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் வேண்டாம் என்றார்.

"வச்சு என்ன செய்வாங்க?" என்று மகள் கேட்டாள்.

"எலிக்குள்ள வச்சு வளர்ப்பாங்க. அதுக்குன்னே ரோமம் இல்லாத எலி இருக்கு. வேற ஒடம்பை எதிர்க்கிற சக்தி அதுக்குக் கிடையாது. அதனால மனுஷக் கட்டி அதுக்குள்ள வளரும். எந்த மருந்து கேக்குதுன்னு அதுல பார்ப்பாங்க."

நான் கேட்டேன். "அந்த எலிக்கு மூஞ்சில முத்து போடுமா?"

"போடாது பாட்டி. கட்டி மட்டும்தான்."

"எலி செத்துப் போனா?"

"சாகுறதுக்கு முன்னாடி கட்டியில கொஞ்சம் எடுத்து அடுத்த எலிக்கு வைப்பாங்க. அப்புறம் அதுலருந்து இன்னொண்ணுக்கு. நல்லா புடிச்சுக்கிட்டா வருஷக்கணக்கா அப்படியே போகும்."

மகள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் போனதுக்கப்புறமும் அது இருக்குமா?"

"இருக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்று ஒரு இடம் இருந்தது. கட்டை விரல் போதும் என்று நர்ஸ் மைப் பெட்டியைத் திறந்தாள். நான் பேனாவை வாங்கி, என் பெயரை எழுத்து எழுத்தாகத் தமிழில் எழுதினேன்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். கட்டிலில்தான் படுக்கிறாள். சில நாள் சாப்பிடும்போது கையை நிறுத்திவிட்டு, "இப்ப எத்தனாவது எலியோம்மா" என்பாள், சிரித்துக்கொண்டு. நான் சோற்றைப் போடுகிறேன். எங்கேயோ விளக்குப் போட்ட ஒரு அறையில், மயிரில்லாத சின்ன உடம்பு ஒன்றுக்குள், என் அப்பாவிடமிருந்து வந்தது விழித்துக்கொண்டிருக்கிறது. அது வளர்ந்தால்தான் மருந்தைச் சோதிக்க முடியும், மருந்து பட்டு வளராமல் நின்றால்தான் ஒரு மருந்து கிடைக்கும். ஆகவே அது வளரட்டும் என்றும் வளர வேண்டாம் என்றும் இரண்டையும் ஒரே மனதாக வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் என்று கேட்டால், பழைய ஆத்தாவிடம்தான். பிரசாத வரிசையில் கடைசியாக நிற்கிறேன்.